கிணற்றின் எல்லை

ரெம்பாவில்தான் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே, இனிக் கிணற்றைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று சகோதரர்கள் கேட்கலாம். குழாய் நின்றுபோகும் நாளில் லயத்துக்குப் பின்னாலுள்ள பழைய கிணற்றைத் தேடித்தான் நாம் வாளியுடன் போகிறோம். மற்ற நாட்களில் அதிலேயே குப்பையைக் கொட்டுகிறோம்!

கிணற்றுக்கு ‘ஹரீம்’ என்றொரு எல்லை உண்டென்று நம் மார்க்கச் சட்ட நூல்கள் கூறும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 40 முழம், அதாவது ஏறக்குறைய 60 அடி. கால்நடைகள் நின்று நீர் அருந்த ஏற்பட்ட இடம் அது. அருகில் மலக்குழி தோண்டி நீரைக் கெடுக்கலாகாது என்பதையும் சட்ட வல்லார் அதனுடன் சேர்த்தார்கள். இக்காலச் சுகாதார நிபுணர்கள் 100 அடி வேண்டும் என்கிறார்கள்.

இந்த எல்லையை மதிக்காவிட்டால் என்ன ஆகும்? நம்மில் பலருக்குச் சொந்தபந்தங்கள் உள்ள தமிழ்நாட்டையே பார்ப்போம். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் முதலிய ஊர்களின் தோல் ஷாப்புகளில் நம் சமுதாயத்தார் பலர் முதலாளிகள், பலர் தொழிலாளிகள். இதை மறைப்பானேன்? ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகும். உப்பும் குரோமியமும் கலந்த அந்தக் கழிவுநீரைப் பல்லாண்டுகள் வாய்க்காலிலும் வெற்று நிலத்திலும் விட்டார்கள். திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கணக்கெடுத்தபோது, 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. 28-8-1996 அன்று இந்திய சுப்ரீம் கோர்ட், கெடுத்தவனே நஷ்டஈடு கொடுத்து நிலத்தையும் நீரையும் சீர்செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதோடு முடிந்ததா? 2025 ஜனவரியில் வேலூர்ப் பகுதிக்காக அதே கோர்ட் மறுபடியும் நஷ்டஈட்டுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆற்றில் அழுக்கு சேர்ந்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். நிலத்தடி நீரோ ஆமைபோல் நகர்வது. அதில் இறங்கிய விஷம் தலைமுறைக் கணக்கில் தங்கும். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா என்பர் சிலர். காய்ச்சினால் காலராக் கிருமி சாகும். உப்பும் உலோகமும் சாகா. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். தெளிவாயிருக்கிறதே என்று நம்பவும் முடியாது, ஏனெனில் சில நஞ்சுகளுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

நம் தோட்டங்களில் தோல் ஷாப்பு இல்லை என்று நிம்மதி கொள்ள வேண்டாம். களைக்கொல்லி டின்னைக் கழுவுவது எங்கே? பால் உறைய வைக்கும் அமிலம் சிந்துவது எங்கே? மோட்டார் சைக்கிளின் பழைய எண்ணெய் போவது எங்கே? பெரும்பாலும் கிணற்றடியில்தான். பாழுங்கிணறு மேலும் ஆபத்தானது. மண்ணின் வடிகட்டல் சிறிதுமின்றி அழுக்கை நேரே நீரூற்றில் இறக்கிவிடும் வாசல் அது. அதற்குக் குப்பை போடாமல் மூடி போட வேண்டும். புழங்கும் கிணற்றுக்கு இடுப்பளவு சுவரும், சுற்றிலும் சிமிண்டுத் தளமும், சிந்திய நீர் தூரப் போக வாய்க்காலும் தேவை.

கக்கூஸ் குழியிலிருந்து கிணறு எத்தனை அடி என்று இந்த வாரமே கயிறு பிடித்து அளந்து பாருங்கள். நம் ரெம்பாவ் மேடுபள்ளமான பூமி. குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் 100 அடியும் போதாது.