நாகரஹொளெ: யானைகளைப் பிடித்த காடு புகலிடமான வரலாறு

மைசூர், குடகு மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நாகரஹொளெ, யானையும் புலியும் ஒருங்கே வாழும் வளமான காடாகும். கன்னடத்தில் ‘நாகர’ என்பது நாகத்தையும் ‘ஹொளெ’ என்பது ஆற்றையும் குறிக்கும். வளைந்தோடும் நீரோடையே காட்டிற்குப் பெயர் தந்தது என்பர்.

பிடிகாடு

மைசூர் மன்னராட்சியில் இக்காட்டின் பகுதிகள் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. காக்கனகோட்டையில் ‘கெட்டா’ முறையில் யானைகள் பிடிக்கப்பட்டன. 1874-இல் சாண்டர்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி மைசூர் நாட்டில் இம்முறையை வெற்றியுடன் நடத்திக் காட்டினார். பறையொலியாலும் தீப்பந்தங்களாலும் யானைக் கூட்டத்தை விரட்டி, மரத்தடுப்பினுள் அடைத்து, பழகிய கும்கி யானைகளின் துணையுடன் பிணைப்பர். கடைசி கெட்டா 1971-இல் நடைபெற்றது. மறு ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

புகலிடம்

1955-இல் சரணாலயமாகத் தொடங்கிய நாகரஹொளெ, 1988-இல் சுமார் 643 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவாயிற்று. தேக்கு, ஈட்டி, மருது, மூங்கில் ஆகியவை நிறைந்த இக்காட்டில் புள்ளிமான், கடமான், காட்டெருமை ஆகியவை மேய்கின்றன. இவை மிகுந்திருப்பதால்தான் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஒரே காட்டில் வாழ முடிகிறது. புலியின் உடற்கோடுகள் ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு அமைவதில்லை. தானியங்கி ஒளிப்படக் கருவிகளால் அக்கோடுகளைப் பதிவு செய்து புலிகளை மதிப்பிடும் முறை, இக்காட்டில் உல்லாஸ் கரந்த் மேற்கொண்ட ஆய்வுகளால் வளர்ந்தது.

அணையும் காடும்

வயநாட்டில் தோன்றித் திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியுடன் கலக்கும் கபினியின் குறுக்கே 1974-இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. காக்கனகோட்டைக் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. ஆயினும் கோடையில் நீர் வற்றும் கரையில் பசும்புல் முளைப்பதால், யானைகள் பெருங்கூட்டமாக அங்குத் திரள்கின்றன. காடு சுருங்கிய இடத்தில் யானைகள் மிகுந்து காணப்படுவதை, அவற்றின் பெருக்கம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

மனிதரும் காடும்

தேனெடுப்பில் தேர்ந்த ஜேனு குறும்பர் இக்காட்டின் தொல்குடியினர். யானைப் பாகர்களாகவும் புகழ் பெற்றவர்கள். அணையாலும் பூங்காவாலும் அவர்களுள் பலர் இடம்பெயர நேர்ந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்தம் உரிமைகளை ஏற்கிறது. அவர்களின் இசைவின்றி இடமாற்றம் கூடாது என்கிறது. விலங்கைக் காப்பதும் இவ்வுரிமையைக் காப்பதும் ஒரே நிருவாகத்தின் இரு கடமைகள். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த மக்களைப் புறந்தள்ளிக் காட்டைக் காத்தல் அரிது என்பதை அலுவலர்கள் மனத்திற்கொள்ளல் வேண்டும்.