இலவச வினாத்தாளும் அம்மாவின் கைப்பேசி எண்ணும்

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். அரியலூர் மாவட்டத்தில் நான் பணியாற்றும் உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் இணைப்பை அனுப்பினேன். கணித மாதிரி வினாத்தாள்கள், முற்றிலும் இலவசம். பதிவிறக்கும் முன் மாணவர் பெயர், பள்ளி, பிறந்த தேதி, பெற்றோரின் தொழில், கைப்பேசி எண் ஆகியவற்றை அந்த இணையதளம் கேட்டது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மாணவியின் தாய் பள்ளிக்கு வந்தார். முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்பவர். "டீச்சர், நீங்க சொன்னீங்கன்னு பயிற்சிக்கு மூவாயிரம் கட்டச் சொல்றாங்க. பாப்பா பேரு, பள்ளிக்கூடம் எல்லாம் சரியாச் சொல்றாங்க. கடன் கேட்டிருக்கேன்" என்றார். பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அவருடைய எண் வெளியே போனது என் வழியாகத்தான்.

அந்த வாரமே இதைப் பாடமாக்கினேன்.

செயல்பாடு

அதே பதிவுப் படிவத்தைத் தாளில் எழுதி, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். நிரப்பக் கூடாது, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே "வினாத்தாளைத் தருவதற்கு இது தேவையா?" என்பதற்கு விடை எழுத வேண்டும். எல்லாக் குழுக்களும் "தேவையில்லை" என்றே எழுதின. "அப்பா வேலையை ஏன் கேட்கிறார்கள்?" என்றேன். "பணம் கட்ட முடியுமான்னு பார்க்கத்தான் டீச்சர்" என்றான் ஒருவன். "தப்பு நம்பர் போட்டுடலாமே?" என்றாள் ஒருத்தி. அந்த எண் வேறு யாருடைய அம்மாவுடையதாகவோ இருக்கலாம் என்று வகுப்பே அவளுக்கு விடை சொன்னது.

பெரம்பலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றும் என் தோழி இதை ஐந்தாம் வகுப்புக்கு எளிதாக்கினார். "கடையில் மிட்டாய் வாங்கும்போது கடைக்காரரிடம் எதைச் சொல்வோம், எதைச் சொல்லமாட்டோம்?" அந்த வயதுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

சட்டம் சொல்வது

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தொடர்ந்து 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது அது. அச்சட்டமே ஓர் எடுத்துக்காட்டையும் தருகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, பயனர் சம்மதித்தாலும், மருத்துவச் சேவைக்கு அவை தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அவற்றுக்குப் பொருந்தாது.

18 வயது நிறையாதவர் இச்சட்டப்படி குழந்தையே. அவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வருகின்றன. அதுவரையிலும் அதன் பின்னரும் முதல் காவல் நாம்தான்.

பதிவு கேட்காத இடங்கள்

நம் பாடநூல்களின் மின்பதிப்புகளைப் பதிவு செய்யாமலே பதிவிறக்கலாம். திக்‌ஷா தளத்தில் விருந்தினராக நுழைந்து பாடங்களைப் பார்க்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எந்த விவரமும் கேட்காமல் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு.

நம் பங்கு

இணைப்பை அனுப்பும் முன் நாமே ஒருமுறை இறுதிவரை சென்று பார்க்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது என்பதையும், பணம் பறிபோனால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும் என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. என் பாடக்குறிப்புகளைத் தர நானே ஒரு கூகுள் படிவம் வைத்திருந்தேன். அதிலும் கைப்பேசி எண் கட்டாயம். எதற்காகக் கேட்டேன் என்று யோசித்தால் என்னிடம் விடை இல்லை. படிவத்தை நீக்கிவிட்டுக் குறிப்புகளை நேரடியாகவே பகிர்கிறேன்.