ஒரே மாத்திரை, ஒரே அளவா?

(அறிவியல் பகுதி)



"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். சரி, அந்த 'அளவு' எவ்வளவு? எல்லாருக்கும் ஒரே அளவுதானா? மார்ஃபின், கோடீன் என்ற இரண்டு வலி மருந்துகளை வைத்து இதைப் பார்ப்போம்.

மார்ஃபின் எங்கிருந்து வருது?

கசகசாச் செடியின் காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின். 1800களின் தொடக்கத்தில் செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானியர் அபினிலிருந்து மார்ஃபினைத் தனியே பிரித்தார். அதற்கு முன்பு எந்த அபின் கட்டியில் எவ்வளவு மருந்து இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பிரித்த பிறகுதான் நிறுத்து, அளந்து கொடுக்க முடிந்தது. புற்றுநோயின் கடும் வலிக்கு இன்றும் மார்ஃபின் முக்கியமான மருந்து.

பூட்டும் சாவியும்

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் 'ஏற்பிகள்' என்ற பூட்டுகள் இருக்கின்றன. மார்ஃபின் ஒரு சாவி மாதிரி அதில் பொருந்தும். உடனே வலிச் செய்தி மேலே போவது குறையும். 1973இல் இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்தார்கள். செடியின் பாலுக்கு நம் மூளையில் எதுக்குப் பூட்டு? அதற்கு விடை 1975இல் கிடைத்தது. நம் உடம்பே 'என்கெஃபலின்' என்ற சொந்தச் சாவியைத் தயாரிக்கிறது!

ஆனால் இங்கேதான் ஆபத்து. மூச்சை நடத்தும் மூளைத் தண்டிலும் அதே பூட்டுகள் உண்டு. மருந்து அதிகமானால் மூச்சு மெதுவாகி, நின்றே போகலாம். குறைந்தால் நோயாளி வலியில் துடிப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் டாக்டர் அளவைத் தேட வேண்டும்.

உடம்பு போடும் கணக்கு

வாய்வழி விழுங்கிய மார்ஃபின் முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கேயே பெரும்பகுதி மாறிவிடும். அதனால் ஊசியில் 10 மில்லிகிராம் செய்யும் வேலைக்கு மாத்திரையில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் வேண்டும்.

இரத்தத்தில் சேர்ந்த மார்ஃபின் 2 முதல் 3 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். இயற்பியலில் படிக்கிறோமே அரை ஆயுட்காலம், அதேதான்! 3 மணி என்றே வைத்துக்கொள்வோம். 3 மணிக்கு ஒரு முறை உடம்பில் 8 மில்லிகிராம் சேர்ந்தால்: 8, 12, 14, 15... இப்படியே ஏறி 16ஐ நெருங்கும், தாண்டாது. அதனால்தான் மருந்து ஒரு நிலைக்கு வரும்வரை டாக்டர் பொறுத்துப் பார்க்கிறார்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இந்தக் கணக்கே மாறும். மார்ஃபின் கல்லீரலில் மாறும்போது உண்டாகும் ஒரு பொருளும் வலியைக் குறைக்கும், மூச்சையும் அடக்கும். அது சிறுநீரில் வெளியேற வேண்டியது. வெளியேறாவிட்டால் தேங்கும். அவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறு மருந்து தருவார்கள்.

ஒரு குழந்தையின் கதை

கோடீன், மார்ஃபினின் தம்பி போல. தனியாக அதற்கு வலு குறைவு. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதில் சிறு பகுதியை மார்ஃபினாக மாற்றும். அந்த நொதிக்கான ஜீன் சிலருக்கு வேலையே செய்யாது. அவர்களுக்கு வலி சரியாகக் குறையாது. சிலருக்கோ கூடுதல் பிரதிகள் இருக்கும். மளமளவென்று மார்ஃபின் உண்டாகிவிடும்.

2009இல் கனடா மருத்துவர்கள் ஒரு சம்பவத்தை எழுதினார்கள். 2 வயதுப் பையனுக்கு டான்சில் ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்குக் கோடீன் கொடுத்தார்கள். அம்மா டாக்டர் சொன்ன அளவில்தான் கொடுத்தார். ஆனாலும் குழந்தை இறந்துவிட்டது. பரிசோதித்தபோது அவனிடம் அந்த ஜீனின் கூடுதல் பிரதி இருந்தது தெரிந்தது. தப்பு அம்மா மேல் இல்லை. ஒரே அளவு எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைத்ததுதான் தப்பு.

இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு, டான்சில் ஆபரேஷன் செய்த குழந்தைகளுக்குக் கோடீன் தரக்கூடாது என்று 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. 2017இல், 12 வயதுக்குக் கீழ் யாருக்குமே கூடாது என்றது.

மாற்று மருந்து இருக்கா?

இருக்கு. நலாக்சோன். அது மார்ஃபினைத் தள்ளிவிட்டு அந்தப் பூட்டில் தான் உட்கார்ந்துகொள்ளும். மூச்சு திரும்பும். ஆனால் அதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மார்ஃபின் மீதம் இருந்தால் மறுபடி மூச்சு அடங்கலாம். எனவே ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்து கவனிப்பார்கள்.

தோழர்களே, 'தாத்தாவுக்குக் கேட்டது, எனக்கும் கேட்கும்' என்று மிச்ச மாத்திரையை யாரும் எடுத்துப் போடாதீங்க. அதே சமயம், வலியில் இருப்பவருக்கு டாக்டர் தரும் மார்ஃபினைப் பார்த்துப் பயந்து தடுக்கவும் வேண்டாம். அளவு மாத்திரையில் மட்டும் இல்லை, உடம்பிலும் இருக்கிறது!

செய்து பாருங்கள்: அதே 8 மில்லிகிராம், அதே 3 மணிக்கு ஒரு முறை. ஆனால் அரை ஆயுட்காலம் 6 மணி. உடம்பில் எவ்வளவு வரை ஏறும்? (விடை: சுமார் 27 மில்லிகிராம். 16 எங்கே, 27 எங்கே!)