சாவி யாரிடம் இருக்கிறது?

கண்ணு, பேரிடர் மேலாண்மை படிக்கச் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. கடலோரத் தாலுகாக்களில் நிவாரண வேலை பார்த்தே நரைத்தவன் நான். பாடத்தை உன் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த வேலைக்கு வேண்டிய குணத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

1. பேர் வராத வேலையை நேசி. 1999இல் ஒடிசாவை அடித்த பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013இல் அதே மாநிலத்தைப் பைலின் புயல் தாக்கியபோது, சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இறந்தவர்கள் 50க்கும் குறைவு. இடையில் 14 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பாதுகாப்பு மையம் கட்டியவர்கள், ஊர் ஊராக ஒத்திகை நடத்தியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. வெள்ளத்திலிருந்து ஒருவரைத் தூக்கிவந்தால் படம் வரும். அவர் வெள்ளத்தில் சிக்காமலே பார்த்துக்கொண்டவருக்கு ஒன்றும் வராது. இதை இப்போதே மனசார ஏற்றுக்கொள்.

2. அறிவித்தாயிற்று என்று கை கழுவாதே. 2017இல் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் எச்சரிக்கைக்குப் பல நாள் முன்பே கடலுக்குள் போய்விட்டார்கள். படகிலிருந்த கருவிகள் கரையோடு பேசும் தூரத்தில் அவர்கள் இல்லை. எந்தத் திட்டத்தைப் படித்தாலும், இந்தச் சேதி யார் காதில் விழாது என்று முதலில் கேள். காது மந்தமான கிழவி, செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பம், ராத்திரி ஷிஃப்ட் முடித்து அசந்து தூங்குகிறவன் என்று பட்டியல் நீளும்.

3. கேட்டுவிட்டுக் கொடு. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். நாடெங்கும் இருந்து உதவி லாரி லாரியாக வந்தது. ஆனால் பழந்துணி, தொடுவாரில்லாமல் சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. வீடு வாசல் போன பிறகும், பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்த அந்த மக்களுக்கு மனம் வரவில்லை. மாதவிலக்குத் துணி வேண்டும் என்று யாரிடம் சொல்வது என்று பெண்கள் தவித்தார்கள். கை ஏந்தினாலும் மானம் ஏந்தாது, கண்ணு. என்னென்ன தேவை என்று கணக்கெடுக்கப் போகும்போது பெண்களையும் கூட அழைத்துப் போ. முகாமில் குரலை உயர்த்தாதே.

4. கூட்டம் கலைந்த பிறகும் போ. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், தஞ்சையிலும் புதுக்கோட்டையிலும் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. புதுக்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டாகும். அதுவரை அந்த வீட்டில் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு வழி என்ன? நிவாரணம் என்றால் அந்தக் கேள்வியும் சேர்ந்ததுதான்.

5. பிணம் எடுத்த அன்று தனியாகப் படுக்காதே. யாரிடமாவது பேசு. அழுகை வந்தால் அழு.

6. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஏதாவது ஒரு கடலோர ஊருக்குப் போய் அங்குள்ள புயல் பாதுகாப்பு மையத்தைப் பார். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சக்கர நாற்காலி ஏறுமா, மாடு கன்றுகளை எங்கே கட்டுவார்கள் என்று விசாரி. பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது, நடு ராத்திரியில் அவரை எழுப்ப எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா.