14 பேர், 10 இடங்கள்: எது நியாயமான பங்கீடு?

மாணவர்களே, நீங்கள் பல மாதங்கள் பயிற்சி செய்த ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கிறீர்கள். பட்டியல் வெளிவருகிறது. அதில் உங்கள் பெயர் இல்லை. "இடம் இல்லை" என்கிறார்கள் ஏற்பாட்டாளர்கள். ஆனால், இருந்த இடங்கள் எந்த விதியின்படி மற்றவர்களுக்குப் போயின? நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்குக் கணிதம் உதவுமா என்று ஸ்லாலம் படகுப் போட்டியை வைத்துப் பார்ப்போம்.

ஸ்லாலம் என்றால் என்ன?

வேகமாகப் பாயும் நீரில், மேலிருந்து தொங்கும் கம்பங்களுக்கு இடையே படகைச் செலுத்தும் விளையாட்டு இது. ஒரு தடத்தில் 18 முதல் 25 வாயில்கள் இருக்கும். பச்சை வெள்ளைக் கம்பங்கள் உள்ள வாயிலை நீரோட்டத்தோடு கடக்க வேண்டும். சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் என்றால் நீரோட்டத்தை எதிர்த்துக் கடக்க வேண்டும். கம்பத்தில் பட்டால் 2 வினாடிகளும், வாயிலைத் தவறவிட்டால் 50 வினாடிகளும் நேரத்துடன் கூட்டப்படும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அறிமுகமான இவ்விளையாட்டு, 1992 பார்சலோனாவில் மீண்டும் சேர்க்கப்பட்டது.

இடம் ஏன் குறைவு?

ஓட்டப்பந்தயம்போல் எல்லாரும் ஒன்றாகப் புறப்பட முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் படகுகள் புறப்படும். செயற்கைத் தடங்கள் பலவற்றில் ராட்சத பம்புகள்தான் நீரை மேலே ஏற்றுகின்றன. எனவே நீர் ஓடும் நேரத்துக்கு அளவு உண்டு.

ஒரு கற்பனைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். இளையர் பிரிவுக்கு 30 நிமிடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு படகு புறப்படும். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாய்ப்புகள்.

30 ÷ 1.5 = 20 புறப்பாடுகள்
20 ÷ 2 = 10 போட்டியாளர்கள்

விண்ணப்பித்தவர்களோ 14 பேர். அ மன்றத்திலிருந்து 6 பேர், ஆ மன்றத்திலிருந்து 6 பேர், இ மன்றத்திலிருந்து 2 பேர். நால்வர் வீடு திரும்ப வேண்டும். யார் அந்த நால்வர்?

முதல் வழி: முந்தியவருக்கே இடம்

மிக எளிய விதி இது. பாகுபாடு இல்லாததுபோலவும் தோன்றும். ஆனால் பதிவு காலை 10 மணிக்குத் திறந்தால், அப்போது வகுப்பில் இருப்பவர் என்ன செய்வார்? இணைய வேகம் குறைந்தவர்? இந்த விதி படகோட்டும் திறனை அளக்கவில்லை. விசையைத் தட்டும் வேகத்தைத்தான் அளக்கிறது.

இரண்டாம் வழி: தரவரிசை

திறமையானவர்களுக்கு இடம் தருவது நியாயம்தானே? முதலில் திறமையை ஒப்பிட வேண்டும். வெவ்வேறு தடங்களில் எடுத்த நேரங்களை அப்படியே ஒப்பிட முடியாது. தடத்தின் நீளமும் நீரின் வேகமும் மாறுபடும். அதனால் ஒருவரின் நேரத்தை, அந்தப் போட்டியில் வென்றவரின் நேரத்தால் வகுத்துப் பார்க்கலாம்.

முதல் தடத்தில் ஒருவர் 106 வினாடிகள் எடுத்து, இரண்டு கம்பங்களில் பட்டார். அவரது மொத்த நேரம் 110 வினாடிகள். வென்றவர் 100 வினாடிகள். விகிதம் 110 விழுக்காடு. வேறொரு தடத்தில் இன்னொருவர் 96 வினாடிகளில் முடித்தார். அங்கு வென்றவர் 80 வினாடிகள். விகிதம் 120 விழுக்காடு. அதிக வினாடிகள் எடுத்தவரே வென்றவரை நெருங்கியிருக்கிறார்! (இரு தடங்களிலும் வென்றவர்கள் ஏறத்தாழ ஒரே தரத்தினர் என்று வைத்துக்கொண்டால்தான் இந்த ஒப்பீடு பொருந்தும்.)

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தரவரிசையில் ஏற, போட்டியில் கலந்துகொள்ள வேண்டும். போட்டியில் கலந்துகொள்ள, தரவரிசையில் இருக்க வேண்டும். புதியவர் எங்கே தொடங்குவார்? ஏற்கெனவே வாய்ப்புப் பெற்றவருக்கே மேலும் மேலும் வாய்ப்புச் சேர்வதைச் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1968ஆம் ஆண்டில் 'மத்தேயு விளைவு' என்று அழைத்தார்.

மூன்றாம் வழி: குலுக்கல்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 1 பதிவின்போது ஒரு பள்ளியில் இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமானால், குலுக்கல் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் 14 சீட்டுகளைப் போட்டு 10 சீட்டுகளை எடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் உள்ள வாய்ப்பு 10/14, அதாவது சுமார் 71 விழுக்காடு. இதைவிடச் சமமான வாய்ப்பு இல்லை.

இப்போது இன்னொரு கணக்கு. மிகச் சிறந்த இருவரும் தேர்வாகும் நிகழ்தகவு என்ன?

10/14 × 9/13 = 90/182, சுமார் 49 விழுக்காடு

பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் அவ்விருவரில் ஒருவராவது வெளியே நிற்பார். அந்தப் போட்டியில் வென்றவரை "ஆகச் சிறந்தவர்" என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? வாய்ப்பில் நியாயம் இருக்கிறது. போட்டியின் நோக்கம் அடிபடுகிறது.

ஒரு திருத்தம் செய்யலாம். சென்ற முறை இடம் கிடைக்காதவருக்கு இம்முறை இரண்டு சீட்டுகள் கொடுக்கலாம். அப்போது ஒருவரே திரும்பத் திரும்ப விடுபடுவது குறையும்.

நான்காம் வழி: மன்றங்களுக்குப் பங்கு

10 இடங்களை மன்றங்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுத்து, யாரை அனுப்புவது என்பதை அவர்களிடமே விடலாம். அ, ஆ மன்றங்களின் பங்கு தலா 10 × 6/14 = 4.29. இ மன்றத்தின் பங்கு 10 × 2/14 = 1.43.

0.29 மனிதரை யாராலும் அனுப்ப முடியாது! ஆகவே முதலில் முழு எண்களைக் கொடுப்போம்: 4, 4, 1. எஞ்சிய ஓரிடம், பெரிய பின்னம் (0.43) உள்ள இ மன்றத்துக்குச் செல்லும். முடிவு: 4, 4, 2.

நல்ல செய்தி ஒன்று வருகிறது. ஏற்பாட்டாளர்கள் 3 நிமிடங்கள் கூடுதலாக ஒதுக்குகிறார்கள். இப்போது 11 இடங்கள். பங்குகள் 4.71, 4.71, 1.57. முழு எண்கள் 4, 4, 1. எஞ்சிய இரண்டு இடங்களும் பெரிய பின்னங்கள் (0.71) உள்ள அ, ஆ மன்றங்களுக்குப் போகின்றன. முடிவு: 5, 5, 1.

கவனித்தீர்களா? மொத்த இடம் ஒன்று கூடியது. ஆனால் இ மன்றம் ஓரிடத்தை இழந்தது! யாரும் ஏமாற்றவில்லை, கணக்கிலும் பிழையில்லை. இதற்கு 'அலபாமா முரண்' என்று பெயர். 1880ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 299 இடங்கள் இருந்தால் அலபாமா மாநிலத்துக்கு 8 இடங்களும், 300 இருந்தால் 7 இடங்களும் கிடைக்கும் என்று தெரியவந்தது.

இந்த முரணைத் தவிர்க்கும் முறைகளும் உண்டு. ஆனால் அவற்றில் வேறு குறை வரும். துல்லியமான பங்கை ஒட்டிய முழு எண்களில் ஒன்றையே எப்போதும் தரவும், இத்தகைய முரண்கள் அனைத்தையும் தவிர்க்கவும் ஒரே முறையால் முடியாது என்று மிஷெல் பாலின்ஸ்கி, பெய்டன் யங் ஆகிய கணித அறிஞர்கள் நிறுவியுள்ளனர்.

ஒலிம்பிக்கில் எப்படி?

டோக்கியோ ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டிகளுக்கு மொத்தம் 82 இடங்கள். கயாக் பிரிவில் ஆண்களுக்கு 24, பெண்களுக்கு 24. இந்த 24இல் 18 இடங்கள் 2019 உலக வெற்றியாளர் போட்டியின் முடிவுப்படி வழங்கப்பட்டன. ஐந்து கண்டப் பகுதிகளுக்குத் தலா ஓரிடம், போட்டியை நடத்தும் நாட்டுக்கு ஓரிடம். ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒரு படகு மட்டுமே.

இதன் விளைவு என்ன? வலுவான ஒரு நாட்டின் இரண்டாம் நிலை வீரர் உலகின் முன்னணியில் இருந்தாலும் வீட்டில் இருப்பார். அவரைவிடப் பின்தங்கிய வேறு கண்டத்து வீரர் கலந்துகொள்வார். அந்த முன்னணி வீரருக்கு இது வேதனைதான். ஆனால் இந்த விதி இல்லாவிட்டால், இவ்விளையாட்டு ஒருசில நாடுகளுக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். திறமை, பரவல் என்ற இரண்டு நோக்கங்களையும் ஒலிம்பிக் கலந்து பார்க்கிறது.

நமது போட்டிக்கும் அப்படிச் செய்யலாம். 6 இடங்கள் தரவரிசைப்படி, 2 இடங்கள் புதியவர்களுக்கு, 2 இடங்கள் குலுக்கலில். இந்த எண்களை மாற்றலாமா என்று நீங்கள் வாதிடலாம். வாதிடத்தான் வேண்டும். ஆனால் அந்த வாதம், யார் விண்ணப்பித்தார்கள் என்று தெரிவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பெயர்களைப் பார்த்தபின் விதியை எழுதினால், எவ்வளவு நல்ல விதிமீதும் சந்தேகம் விழும். விதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருந்தால், இடம் கிடைக்காதவருக்கும் "ஏன்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும். அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

நீங்களே முயலுங்கள்

மூன்று மன்றங்களில் 9, 7, 4 விண்ணப்பதாரர்கள். பெரிய பின்ன முறைப்படி 13 இடங்களைப் பிரியுங்கள். பிறகு 14 இடங்களைப் பிரியுங்கள். யாராவது இடம் இழக்கிறார்களா?

விடை: 13 இடங்கள் என்றால் 6, 4, 3. 14 இடங்கள் என்றால் 6, 5, 3. இம்முறை யாரும் இழக்கவில்லை. அலபாமா முரண் எப்போதும் வருவதில்லை. அதனால்தான் அது எளிதில் கண்ணில் படுவதில்லை.