பத்தாண்டு தாங்கும் பூட்டு எது?

மறையாக்கம் செய்த மின்னஞ்சலை வழியில் நகலெடுப்பவருக்கு அதை இன்றே படித்தாக வேண்டும் என்பதில்லை. 1994இல் பீட்டர் ஷோர் வகுத்த வழிமுறையை ஓட்டும் அளவுக்குப் பெரிய குவாண்டம் கணினி வரும்வரை சேமித்து வைத்தால் போதும். ஆர்எஸ்ஏ, நீள்வளைவு ஆகிய இரண்டு வகைச் சாவிகளும் அதன்முன் நிற்கா. பிறகு சாவியை மாற்றினாலும், ஏற்கெனவே பிடிபட்ட அஞ்சலுக்குப் பயனில்லை.

ஆகவே, ரகசியம் எத்தனை ஆண்டு தாங்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்வது நல்லது. அடுத்த வாரச் சந்திப்பின் நேரத்துக்கு இந்தக் கவலை வேண்டாம். மருத்துவ அறிக்கைக்கும், செய்தியாளருக்குத் தகவல் தந்தவரின் பெயருக்கும் நிச்சயம் வேண்டும்.

தொழில்நுட்பத்தில் கைவைக்க விரும்பாதவருக்கு ஜெர்மனியின் டூட்டா மின்னஞ்சல் சேவை எளிய வழி. 2024 மார்ச் முதல் புதிய கணக்குகளில் நீள்வளைவுச் சாவியையும் குவாண்டத்தைத் தாங்கும் கைபர் முறையையும் சேர்த்தே பூட்டுகிறது. தலைப்பு வரியும் மறைந்துவிடும். ஆனால் இந்த இரட்டைப் பூட்டு டூட்டா கணக்குகளுக்கு இடையில்தான். வெளியாருக்கு அனுப்பும் ரகசிய அஞ்சலைக் கடவுச்சொல்தான் காக்கிறது. ஷோரின் வழிமுறை அதை உடைக்காது; எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை உடைக்கக் குவாண்டமே தேவையில்லை. அதை நீளமாக வைத்து, நேரிலோ தொலைபேசியிலோ சொல்வதே சரி.

இரட்டைப் பூட்டு எதற்கு? குவாண்டத்தைத் தாங்கும் என்று நம்பப்பட்ட சைக் முறையை 2022இல் பெல்ஜியத்தின் இரண்டு ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். புது முறை சறுக்கினால் பழையது காக்கும். கைபரை அடிப்படையாகக் கொண்ட எம்எல்-கெம் முறையை அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரமாக அறிவித்த பிறகும் இந்த எச்சரிக்கை தேவைதான்.

சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் ஓபன்பிஜிபி என்ற மறையாக்கத் தரத்தில் இயங்குவதால், அதே தரத்தில் இயங்கும் பிற மென்பொருளைப் பயன்படுத்துவோரோடும் பேச முடியும். தலைப்பு வரிக்கு முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. உங்கள் சாவி குவாண்டத்தைத் தாங்கும் புது வகையா என்று பார்த்துவிட்டே நம்புங்கள்.

தானே சாவி பேணுபவருக்கு குனூபிஜி மென்பொருளின் 2.5 வரிசையில் கைபர் உண்டு. சிக்கல் வேறு: குனூபிஜி லிப்ரேபிஜிபி என்ற தனித் தரத்தின் வழியில் பிரிந்துவிட்டதால், அதில் உருவாக்கிய புதுச் சாவி எல்லா ஓபன்பிஜிபி மென்பொருளிலும் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எதிர்முனையில் இருப்பவரோடு ஒரு சோதனை அஞ்சலாவது பரிமாறிக்கொள்வது அவசியம்.

எண்ணிம ஒப்பத்துக்கு இத்தனை அவசரம் இல்லை. போலி ஒப்பம் இடுவதற்குக் குவாண்டம் கணினி கையில் வந்தாக வேண்டும். இன்றைய அஞ்சலைச் சேமித்து வைப்பதால் மட்டும் அது நடக்காது. மாற்றத்தை மறையாக்கச் சாவியிலிருந்து தொடங்கலாம்.