இயற்கை மரணத்திற்கு விசாரணை எதற்கு?

ஓர் ஊரில் ஒருவர் திடீரென்று இறந்துவிடுகிறார். அவர் நோயால் இறந்தாரா, பிறர் செயலால் இறந்தாரா என்பது எவருக்கும் தெரியவில்லை. இங்கிலாந்தில் இதைக் கண்டறியும் பொறுப்பு மரண விசாரணை அதிகாரிக்கு உரியது. இப்பதவி 1194ஆம் ஆண்டிலேயே தோன்றியது. ஜார்ஜ் என்னும் பெயர்கொண்ட நான்கு மன்னர்கள் 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்து அந்நாட்டை ஆண்டனர். அந்த ஜார்ஜியக் காலத்தில் இவ்விசாரணை எவ்வாறு நடைபெற்றது?

செய்தி கிடைத்ததும் அதிகாரி அவ்வூருக்குச் செல்வார். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த ஆண்கள் குறைந்தது 12 பேர் ஜூரிகளாக அழைக்கப்படுவர். விசாரணைக்கெனத் தனிக் கட்டடம் இல்லாததால், பெரும்பாலும் ஊரிலிருந்த விடுதியிலோ மதுக்கடையிலோ அவர்கள் கூடுவர். ஜூரிகள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, இறந்தவரின் உடலை நேரில் பார்வையிடுவர். உடலைப் பார்க்காமல் நடத்திய விசாரணை சட்டப்படி செல்லாது. பின்னர், இறந்தவரைக் கடைசியாகக் கண்டவர்களும் உடலைக் கண்டெடுத்தவர்களும் சாட்சி கூறுவர்.

எல்லா விசாரணைகளுக்கும் மருத்துவர் அழைக்கப்படவில்லை. சாட்சி கூறும் மருத்துவருக்குக் கட்டணம் வழங்கும் சட்டமே 1836இல்தான் வந்தது. ஆகவே, சாதாரண ஊர்மக்கள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் கொண்டே முடிவெடுக்க நேர்ந்தது. குற்றத்திற்கான அடையாளம் எதுவும் தென்படாவிட்டால், 'இறைவனின் செயலால் நேர்ந்த மரணம்' என்று தீர்ப்பளிப்பர். இயற்கை மரணம் என்பதே அதன் பொருள்.

இவ்விசாரணைகளுக்கு ஆகும் செலவு ஒரு சிக்கலை உண்டாக்கியது. முன்பு, கொலை தொடர்பான விசாரணைக்கு மட்டுமே அதிகாரிக்குக் கட்டணம் கிடைத்தது. 1752ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. முறையாக நடந்த ஒவ்வொரு விசாரணைக்கும் 1 பவுண்டும், பயணத்திற்கு மைலுக்கு 9 பென்ஸும் வழங்க அது வகைசெய்தது. இப்பணம் மக்களின் வரியிலிருந்து வந்தது. எனவே, இயற்கையாக இறந்தவருக்கு விசாரணை தேவையில்லை என்று கூறி, வட்டார நீதிபதிகள் சில வேளைகளில் கட்டணம் தர மறுத்தனர்.

மேலோட்டமாகப் பார்த்தால், அவர்கள் கூறியது நியாயமாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு மரணம் இயற்கையானதா என்பது விசாரித்த பிறகுதானே தெரியவரும்! விசாரணை நடைபெறாவிட்டால் இரு வகையான தீங்குகள் நேரலாம். உண்மையான குற்றவாளி தப்பிவிடலாம். அல்லது குற்றமற்ற ஒருவர்மீது ஊராரின் சந்தேகம் வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடலாம். இறந்தவரோடு முதல்நாள் சண்டையிட்ட அண்டை வீட்டுக்காரரை எண்ணிப் பாருங்கள். 'இயற்கை மரணம்' என்னும் தீர்ப்பே அவர்மீது விழுந்த பழியைத் துடைக்கும்.

சிறையில் இறந்தவர்களின் மரணத்தையும் அதிகாரி விசாரிக்க வேண்டியிருந்தது. பூட்டிய கதவுக்குள் என்ன நடந்தது என்பதை வெளியுலகம் அறிய அதுவே வழியாக இருந்தது. இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடைபெறும் மரண விசாரணைகளின் வேர் இந்த ஆங்கிலேயச் சட்டமரபில்தான் உள்ளது.

குற்றவாளி எவரும் பிடிபடாததால் ஒரு விசாரணை வீணாகிவிடுவதில்லை. ஏழையாயினும் கைதியாயினும், ஒருவர் எப்படி இறந்தார் என்று கேட்பது அவருடைய உயிருக்குச் சமுதாயம் அளிக்கும் மதிப்பாகும்.